பழைய கொப்பியில் இருந்த உறைப்பு லோஃப்: மிச்சக் கறியில் செய்தபோது ஏன் உதிர்ந்தது?

முறிகண்டியாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாதம் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, என் பெரியம்மா 1950களில் விடுதிப் பாடசாலையொன்றில் மனையியல் படித்த காலத்தில் எழுதிய கொப்பி ஒன்று கைக்கு வந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் பெட்டி பெட்டியாகப் பொருட்களை விட்டுவிட்டு வந்த எங்கள் குடும்பம், இந்த ஒற்றைக் கொப்பியை எவ்வாறு காப்பாற்றியது என்று எனக்கு விளங்கவில்லை. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையில் அது தவறுதலாக அகப்பட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். தையல் அளவுகளுக்கும் சலவைக் கஞ்சி காய்ச்சும் முறைக்கும் நடுவில், "மிச்ச உணவு லோஃப்" என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருந்தது. லோஃப் என்றால் பாண் போலத் தட்டில் சுட்டு, துண்டுகளாக வெட்டும் பண்டம். அதை எழுத்து மாறாமல் இங்கே தருகிறேன்:

"பழைய பாண் தூள் இரண்டு கோப்பை, ஆறிய சோறு ஒரு கோப்பை, மிஞ்சிய இறைச்சி அல்லது பருப்பு ஒரு கோப்பை, பால் ஒரு கோப்பை, முட்டை இரண்டு அல்லது முட்டைத்தூள் இரண்டு மேசைக்கரண்டி, வெங்காயம் ஒன்று, பட்டர் ஒரு பாக்கு அளவு, உப்பு, மிளகு. மிதமான போறணையில் முக்கால் மணித்தியாலம்."

எங்கள் வீட்டில் போறணை கிடையாது. ஆகவே அம்மா நத்தார்க் கேக்குக்குச் செய்வதைப் போல, பெரிய அலுமினியச் சட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, அதன் மேல் மூன்று ஓட்டுத் துண்டுகளை வைத்து, கேக் தட்டை அவற்றின் மீது இருத்தி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டிச் சுட்டேன். முதல் நாள் இரவு மிஞ்சியிருந்த தேங்காய்ப்பால் விட்ட மைசூர்ப் பருப்புக் கறி, பூசணிக்காய்க் கறி, ஒரு கோப்பைச் சோறு, இரண்டு நாள் பழகிய அரை இறாத்தல் பாண் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டேன். வாசனை மிகவும் நன்றாக வந்தது. மேற்பரப்பும் நல்ல பொன்னிறமாகச் சிவந்திருந்தது. ஆனால் தட்டைக் கவிழ்த்த மறுகணமே நடுப்பகுதி பொலபொலவென்று சரிந்து, களியும் இல்லாமல் உப்புமாவும் இல்லாமல் ஒரு குவியலாகிவிட்டது. அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்ட என் மகன், சுவையைப் பற்றி எந்தக் குறையும் சொல்லாமல், இதற்கு ஏன் தட்டு தேவைப்பட்டது என்று மட்டும் கேட்டான்.

பெரியம்மாவின் அளவுகள் பிழையா, அல்லது நான் செய்த முறை பிழையா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். மிதமான போறணை என்றால் எவ்வளவு சூடு என்பதையும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

குளத்தடி எழுதியது:

தங்கச்சி, உங்கள் பொறுமையை மெச்சுகிறேன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மிஞ்சிய சோற்றுக்கு நம்மிடம் வழி இல்லையா? இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்தால் பழஞ்சோறு ஆயிற்று. அதைக் குடித்துவிட்டுத்தான் என் தகப்பனார் இரணைமடுத் தண்ணீர் பாய்ந்த வயலில் மத்தியானம் வரை நின்றார். மிஞ்சிய பாணை வாட்டிச் சம்பலோடு சாப்பிடலாம். மிஞ்சிய கறியைச் சுண்டக் காய்ச்சினால் அது முதல் நாளை விடச் சுவையாக இருக்கும். மூன்றுக்கும் மூன்று நல்ல வழிகள் இருக்கும்போது, மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரு மணித்தியாலம் விறகு எரிப்பது எதற்காக என்பது எனக்கு விளங்கவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

போறணைக்காரன் எழுதியது:

நான் 22 ஆண்டுகளாக வெதுப்பகத்தில் வேலை செய்கிறவன். அக்கா கேட்டவற்றில் பாணும் சூடும் எனக்குத் தெரிந்த விடயங்கள் என்பதால் அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பாண் பழசாவது என்றால் அது வெறுமனே காய்ந்துபோவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், சுடும்போது தண்ணீரை இழுத்து இளகிய மாப்பொருள், ஆறத் தொடங்கியதிலிருந்து மெல்ல மெல்ல மறுபடியும் இறுகிக்கொண்டு வருகிறது. அதனால்தான் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, ஈரம் போகாமல் வைத்த பாண்கூட இரண்டாம் நாள் கடினமாகிறது. மீண்டும் சூடாக்கினால் சற்று நேரத்துக்கு மெதுமையாகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இந்த இறுகல் இன்னும் விரைவாக நடக்கும். பாணைப் புதிதாக வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இது தீமை; லோஃப் செய்கிறவர்களுக்கு இதுவே நன்மை. இறுகிய பாண் பாலைக் குடித்த பிறகும் பஞ்சு போலத் தன் உருவத்தைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். புதிய பாணோ பால் பட்டவுடன் பசையாகிவிடும். நீங்கள் எடுத்த இரண்டு நாள் பாண் வயதில் சரி. ஆனால் நம்முடைய புழுக்கத்தில் பையில் கட்டி வைத்த பாணில் ஈரம் அப்படியே இருக்கும். அதை உதிர்த்து, வெறும் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் பிரட்டி எடுத்தால், கையில் நொறுங்கும் பதம் வரும். குறிப்பில் பாண் தூள் என்று எழுதியிருப்பது அந்தப் பதத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. குறிப்பு கேட்பது ஒரு கோப்பைப் பால். நீங்கள் அந்த ஒரு கோப்பையையும் ஊற்றி, அதற்கு மேல் தேங்காய்ப்பால் விட்ட பருப்பையும் சேர்த்து, பூசணிக்காயையும் போட்டிருக்கிறீர்கள். பூசணி அவிந்தால் எவ்வளவு தண்ணீர் விடும் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு முட்டைகள் அவ்வளவு ஈரத்தையும் பிடித்து நிறுத்துவது நடக்காத காரியம்.

இனிச் சூடு. பழைய குறிப்புகளில் மிதமான போறணை என்றால் ஏறத்தாழ 350 பாகை பரனைற்று, அதாவது 180 பாகை செல்சியஸ் அளவு. வெப்பமானி இல்லாமல் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு சிறிய தகரத் தட்டில் ஒரு தேக்கரண்டி கோதுமை மாவை மெல்லிதாகப் பரப்பிச் சட்டிக்குள் வைத்து மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். மா இலேசாக நிறம் மாறியிருந்தால் சூடு போதாது. பொன்னிறமாக இருந்தால் மிதமான சூடு. கபில நிறமாகிவிட்டால் சூடு அதிகம், மூடியிலிருந்து தணலைக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டும். மணற்சட்டியில் பெரும்பாலும் அடிச்சூடு குறைவாகவும் மேற்சூடு கூடுதலாகவும் இருக்கும். உங்களுக்கு மேல் சிவந்து நடு வேகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். மணலைக் குறைந்தது இருபது நிமிடம் தனியாகக் காயவிட்ட பிறகே தட்டை இறக்குங்கள்.

சுட்டவுடன் கவிழ்க்கவும் வேண்டாம். பாணையே சூட்டோடு வெட்டினால் கத்தியில் ஒட்டும். இது முட்டையால் மட்டும் பிடித்திருக்கும் பொருள். ஆற ஆறத்தான் இறுகும்.

வெள்ளைச்சட்டை எழுதியது:

சுகாதாரத்துறையில் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒரு விடயத்தை இங்கே பதிய விரும்புகிறேன். மிஞ்சிய உணவைப் பயன்படுத்துவது நல்லதே. ஆனால் ஆறிய சோறு என்று குறிப்பில் இருப்பதை, இரவு முழுவதும் பானையில் மூடிக் கிடந்த சோறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். அவை சோறு அவியும் சூட்டிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் பல மணித்தியாலம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழியாது. ஆகவே, எப்படியும் ஒரு மணித்தியாலம் சுடப்போகிறோமே என்று ஆறுதலடைய முடியாது.

பங்குனி, சித்திரையில் நம்முடைய குசினிகளில் இரவிலும் வெக்கை தணிவதில்லை. மிஞ்சும் என்று தெரிந்த சோற்றையும் கறியையும் சாப்பாடு முடிந்தவுடனேயே அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் மதியம் மிஞ்சியதை அன்று பின்னேரமே லோஃபாகச் சுட்டுவிடுவது நல்லது. இறைச்சியோ மீனோ சேர்த்தால் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அதற்குரிய கருவி இல்லாவிட்டால், ஒரு கத்தியை நடுவில் குத்திப் பத்து விநாடி வைத்திருந்து எடுத்துப் பாருங்கள். அலகு தொட முடியாத சூட்டில் இருக்க வேண்டும்.

குளத்தடி எழுதியது:

மகள் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பழஞ்சோற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். பழஞ்சோறு என்பது மறந்துபோய்க் கிடந்த சோறு அன்று. தண்ணீரில் அமிழ்த்தி வைக்கப்பட்டு, இரவில் புளித்து, காலையில் குடிக்கப்படுவது. இரண்டும் ஒன்றல்ல.

வெள்ளைச்சட்டை எழுதியது:

ஐயா, வேறுபாடு உண்மைதான். புளிக்கும்போது உண்டாகும் அமிலம் பல கிருமிகளைத் தடுக்கும். ஆனாலும் சோறு நன்றாக ஆறுவதற்கு முன் தண்ணீர் ஊற்றுவதும், அதை மறுநாள் மத்தியானம் வரை வைத்திருப்பதும் கூடாது என்றுதான் சொல்வேன். பழஞ்சோற்றைப் பற்றி இதற்கு மேல் பேசினால் அக்காவின் லோஃப் ஆறிவிடும்.

மல்லாவியான் எழுதியது:

நான் மல்லாவியில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்கிறவன். இந்தக் குறிப்பைப் படித்தவுடன் என் கண் முட்டைத்தூள் என்ற சொல்லில் போய் நின்றுவிட்டது. இங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பங்கீடு 1940 சனவரி 8இல் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் இறைச்சியும் பங்கீட்டுக்குள் வந்தது. உணவை வீணாக்குவதே அந்த ஆண்டில் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. முட்டை கிடைக்காத நிலையில், 1942 முதல் அமெரிக்காவிலிருந்து உலர்ந்த முட்டைத்தூள் வந்தது. ஒரு மேசைக்கரண்டித் தூளை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்தால் ஒரு முட்டைக்குச் சமம் என்பதே அன்று எல்லோரும் அறிந்திருந்த கணக்கு. உங்கள் பெரியம்மாவின் கொப்பியில் இரண்டு முட்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று இருப்பது அதனோடு சரியாகப் பொருந்துகிறது. இறைச்சிப் பங்கீடு 1954 யூலை 4இல்தான் முற்றாக நீங்கியது. ஆகவே அவர் 1950களில் படித்தபோது, பாடம் நடத்திய ஆசிரியரின் கையில் போர்க்காலக் குறிப்பொன்று இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நம் இலங்கையிலும் அந்தக் காலம் வேறுபட்டதாக இருக்கவில்லை. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. கோதுமை மாவும் பாணும் அன்றாட உணவாகப் பரவின. போர்த்துக்கேயரிடமிருந்து பாண் என்ற சொல்லை நாம் வாங்கி நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வீட்டுக்கு வீடு காலைச் சாப்பாடாக அது மாறியதில் போர்க்காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் வேறு. இங்கிலாந்துச் சமையலறையில் மிச்சம் என்றால், ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சியில் திங்கட்கிழமைக்கு எஞ்சிய உலர்ந்த துண்டு. தண்ணீர் வடித்த அவித்த உருளைக்கிழங்கு. ஓரம் காய்ந்த பாண். எல்லாமே உலர்ந்தவை. அதனால்தான் குறிப்பு ஒரு கோப்பைப் பாலைக் கேட்கிறது. நம் வீட்டு மிச்சமோ குழம்பு, சொதி, பால்க்கறி. கொப்பியில் பருப்பு என்று எழுதியிருந்தாலும், அதை முதலில் எழுதியவர் நினைத்தது தண்ணீர் வற்ற அவித்த பருப்பையே அன்றி, தேங்காய்ப்பால் மிதக்கும் நம் பருப்புக் கறியை அல்ல. அளவு பிழையில்லை, அக்கா. அந்த அளவு வேறொரு வீட்டின் மிச்சத்துக்கு எழுதப்பட்டது.

முறிகண்டியாள் எழுதியது:

தம்பி மல்லாவியான், நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. நான் பாலை ஊற்றும்போதே கலவை கஞ்சி போல இருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்தது. ஆனால் பெரியம்மாவின் எழுத்தை மீற மனம் வரவில்லை. புட்டுக்கு மா குழைக்கும்போது எந்தக் கொப்பியைப் பார்க்கிறோம்? மா கேட்கும் தண்ணீரைக் கையே அறிந்து விடுகிறது. அந்தக் கையை இங்கே நம்பாமல் விட்டுவிட்டேன்.

குளத்தடி அண்ணா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். நான் காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறவள். பழஞ்சோற்றையோ சுண்டிய கறியையோ பிள்ளைகளின் பாடசாலைப் பைக்குள் வைக்க முடியாது. வெட்டிச் சுற்றிக் கொடுக்கக்கூடிய ஒன்றாக மிச்சத்தை மாற்ற முடியுமா என்பதே என் தேவை. கட்லட் செய்யலாம், ஆனால் இன்று எண்ணெய் விற்கும் விலையில் பொரிப்பதற்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் மூலைக்குத் தள்ளியிருந்த விறகடுப்பை மீண்டும் எடுத்தோம். அது இன்னும் குசினியில் இருக்கிறது. இரவுச் சமையல் முடிந்த பின் எஞ்சும் தணலில் இதைச் சுடலாம் என்பதும் ஒரு கணக்கு.

கச்சான்காடு எழுதியது:

நான் முல்லைத்தீவுப் பக்கத்தில் கச்சான் (நிலக்கடலை) பயிர் செய்கிறவள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் முட்டையும் சேர்ப்பதில்லை என்பதால், முட்டை இல்லாமல் இதைச் செய்யலாமா என்று நேற்று முயன்று பார்த்தேன். முட்டைக்குப் பதிலாக இரண்டு விடயங்களைச் சேர்த்தேன். வறுத்துத் தோல் நீக்கிய கச்சானை அம்மியில் ஒன்றிரண்டாக இடித்து, அதில் பாதியை மட்டும் எண்ணெய் விடும்வரை அரைத்தேன். அடுத்து, இரவு ஊறவைத்த உழுந்து கால் சுண்டை வடைக்கு அரைப்பது போலத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்தேன். உழுந்தின் பசைதான் பிடித்து நிறுத்தியது. கச்சான் மட்டும் சேர்த்தால் சுவை வருமே தவிர, பிடிப்பு வராது.

போறணையும் இல்லை, மணற்சட்டியும் இல்லை. இட்டலிப் பானையில் வைத்து நாற்பது நிமிடம் அவித்தேன். உதிரவில்லை. ஆனால் ஆவியில் அவிந்தது வெளுத்துப்போய், பார்ப்பதற்குச் சுகமில்லாத ஆளைப் போல இருந்தது. ஆறிய பிறகு விரல் மொத்தத் துண்டுகளாக வெட்டி, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டியபோதுதான் மணமும் நிறமும் வந்தன.

இறைச்சிக்குப் பதிலாகக் கச்சானைச் சேர்ப்பது புதுப் பழக்கம் இல்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ் வாஷிங்டன் காவர் என்ற விவசாய அறிஞர் 1916இலேயே கச்சானைச் சமைக்கும் 105 வழிகளைத் தொகுத்துக் கைந்நூலாக வெளியிட்டார். பருத்தி மட்டுமே பயிரிட்டு வளம் இழந்த நிலத்துக்குக் கச்சானைப் பரிந்துரைத்தவர் அவர். அவரைக் குடும்பப் பயிர் என்பதால் அது மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். எங்கள் மணல் நிலத்துக்கும் அது பொருந்துகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கச்சானை, கழுவி வறுத்தாலும் சேர்க்கக் கூடாது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முற்றாகப் போகாது. கசக்கும் பருப்பு ஒன்று வாயில் பட்டால் துப்பிவிட வேண்டும்.

போறணைக்காரன் எழுதியது:

கச்சான்காடு அக்கா அவித்து வாட்டிய முறை நல்லது. ஆவியின் சூடு 100 பாகைக்கு மேல் போகாது. பாணின் ஓடு சிவப்பதற்கு மேற்பரப்பு அதைத் தாண்டி 140 பாகையாவது ஏற வேண்டும். ஆகவே அவித்ததை வாட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நத்தாருக்கும் கலியாணங்களுக்கும் அயலவர்கள் கேக் கலவையைத் தட்டில் ஊற்றி வெதுப்பகத்துக்குக் கொண்டுவருவது எங்கள் பக்கத்தில் வழக்கம். விறகுப் போறணையில் கடைசிப் பாணை இழுத்த பிறகு கல்லில் நிற்கும் சூடு உடனே இறங்கிவிடாது. அந்த இறங்கு சூட்டில்தான் நாங்கள் றஸ்க்கைக் காயவைக்கிறோம். ஒரு லோஃப் தட்டுக்கு அது அளவானது. பக்கத்தில் விறகுப் போறணை உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

முறிகண்டியாள் எழுதியது:

நேற்றுச் சனிக்கிழமை இரண்டாம் முறை செய்தேன். விபரமாக எழுதுகிறேன்.

பாண் அரை இறாத்தல், அதாவது 225 கிராம், மூன்று நாள் பழையது. அதை உதிர்த்துத் தாச்சியில் பத்து நிமிடம் பிரட்டினேன். முதலில் ஆவி வந்தது. பிறகு ஆவி நின்று, அகப்பையில் உரசும் சத்தம் மாறியது. பருப்புக் கறி ஒரு கோப்பை எடுத்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டி, தாச்சியின் ஓரத்தை விட்டு ஒன்றாகத் திரண்டு வரும்வரை வற்றவைத்தேன். அளந்தபோது முக்கால் கோப்பைக்கும் குறைவாக இருந்தது. வற்றிய அந்தக் கால் கோப்பைதான் முதல் முறை என் லோஃபைச் சரித்திருக்கிறது. பூசணியைச் சேர்க்கவில்லை. மதியம் வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, அரைக் கோப்பை மட்டும் எடுத்தேன். முழுக் கோப்பை சேர்த்தால் வெட்டும்போது சோறு கத்தியோடு இழுபடும் என்று தோன்றியது. வறுத்து இடித்த கச்சான் அரைக் கோப்பை, முட்டை இரண்டு. பட்டருக்குப் பதிலாக மாஜரீன் பாக்கு அளவு. அதில் பெரிய வெங்காயம் ஒன்று, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், இரண்டு பச்சைமிளகாய் ஆகியவற்றை வதக்கிச் சேர்த்தேன். கறியிலேயே உப்பு இருந்ததால் மேலதிகமாக ஒரு சிட்டிகைதான் போட்டேன். பாலைக் கடைசியில், கரண்டி கரண்டியாக விட்டேன். கலவையைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல உருண்டு, விரித்தால் மெதுவாக வெடிக்கும் பதத்தில் நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கால் கோப்பைப் பாலே போதுமாக இருந்தது. பிறகு இருபது நிமிடம் மூடி வைத்தேன்.

தட்டுக்குள் நெருப்பில் வாட்டிய வாழையிலையை விரித்து, இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமாறு விட்டேன். மா வைத்துப் பார்த்தபோது முதல் தடவை ஐந்து நிமிடத்தில் நல்ல கபில நிறமாகிவிட்டது. தணலில் பாதியை இறக்கி மீண்டும் பார்த்தபோது பொன்னிறம் வந்தது. ஐம்பத்தைந்து நிமிடம் சுட்டேன். தென்னோலை ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தபோது எதுவும் ஒட்டாமல் வந்தது.

ஆறும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. மகன் இரண்டு தடவை வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தான். பிறகு இலையின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினேன். முழுதாக மேலே வந்தது. பல்லுள்ள பாண் கத்தியால் பத்துத் துண்டுகளாக வெட்டினேன். ஒன்பது துண்டுகள் நின்றன. ஓரத்துத் துண்டு ஒன்று உடைந்தது. அதில் முழுக் கச்சான்கள் மூன்று ஒன்றாகச் சேர்ந்து கிடந்தன, ஒழுங்காக இடிக்காதது என் பிழை. வெட்டுமுகத்தில் பருப்பின் மஞ்சளும் கச்சானின் வெண்மையும் கறிவேப்பிலையின் பச்சையும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. புளியும் செத்தல் மிளகாயும் இடித்த சம்பலோடு சாப்பிட்டோம். பிள்ளைகள் இதற்கு உறைப்புக் கேக் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நந்திக்கடல் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பருப்புக்குப் பதிலாக மிஞ்சிய மீனைச் சேர்க்கலாமா? எங்கள் வீட்டில் குளத்து மீனான திலாப்பியாவும் கடல் மீனும் மாறி மாறி மிஞ்சும். இறாலும் சில நாள் மிஞ்சுவது உண்டு.

முறிகண்டியாள் எழுதியது:

நான் செய்து பார்க்கவில்லை. திலாப்பியாவைச் சேர்ப்பதானால் முள்ளை மிகக் கவனமாக எடுக்க வேண்டும். லோஃபுக்குள் முள் இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்க மாட்டார்கள். குழம்பு மீனை விடப் பொரித்த மீனின் மிச்சம் பொருத்தமாக இருக்கும், அது ஏற்கெனவே உலர்ந்திருப்பதால். மிளகும் தேசிக்காய்ப் புளியும் சற்றுக் கூடுதலாக விடுங்கள்.

போறணைக்காரன் எழுதியது:

மீனென்றால் மாலுபாணின் உட்கறியை நினைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கை அவித்து மசித்து மீனோடு பிரட்டுவோம். மீன் விடும் ஈரத்தை அந்தக் கிழங்கு பிடித்துக்கொள்ளும். லோஃபில் சோற்றை முற்றாக விட்டுவிட்டு, அந்த அளவுக்கு உருளைக்கிழங்கோ மரவள்ளிக்கிழங்கோ மசித்துச் சேர்த்தால் சரியாக வரும். இறாலைச் சிறிதாக அரிந்து சேர்க்கவும். முழுதாகப் போட்டால் கச்சானுக்கு நடந்ததுதான் நடக்கும்.

குளத்தடி எழுதியது:

எங்கள் வீட்டில் இன்று மதியம் மனைவி பருப்பை வற்றவைத்துக்கொண்டிருக்கிறாள். யார் இந்த இழையை அவளுக்குக் காட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. மணல் அரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. ஆற்று மணல் கிடைக்கவில்லை; வீடு கட்ட இறக்கிய மணலை அரித்துப் பயன்படுத்தலாமா, போறணைக்காரத் தம்பி?

போறணைக்காரன் எழுதியது:

பயன்படுத்தலாம், ஐயா. சீமெந்து கலந்திராத மணலாகப் பார்த்து எடுத்து, அரித்து, இரண்டு தரம் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுச் சட்டியில் போடுங்கள். ஈரம் இருந்தால் சூடு ஏறுவதற்கு முன் சட்டிக்குள் ஆவி நிரம்பி, லோஃபின் மேற்பரப்பு சிவக்காது. ஒருமுறை கழுவிய மணலைச் சட்டியோடு அப்படியே மூடி வைத்தால் அடுத்த தடவைக்கும் உதவும்.

குளத்தடி எழுதியது:

காயவைத்தாயிற்று. மா பொன்னிறமாக வந்திருக்கிறது. வாழையிலை வெட்டப் போகிறேன்.